கோப்பை முட்டாத குளிர்காலம்

கோர்மக்கை ஊருக்கு வழியனுப்பும் வேலை டிசம்பரில் தொடங்கி ஜனவரிக் கடைசிவரை நடந்தது. ஒரு மனிதனை அனுப்பிவைக்க இத்தனை விருந்தா என்று கேட்கக் கூடாது. ஜப்பானில் யாமகாத்தா மலைப்பக்கத்தில் குளிர்காலத்துக்கு ஆயுள் கெட்டி. அத்தனை மாதமும் ஜன்னலோரம் உட்கார்ந்து பனியைப் பார்த்துக்கொண்டிருந்தால் புத்தி பேதலித்துவிடும். ஆகவே அங்கே எதையாவது சாக்கு வைத்துக் கூடுவார்கள், குடிப்பார்கள், வேனில் ஏறி எங்கேயாவது போய்க் குளிரில் நடுங்கிவிட்டுத் திரும்புவார்கள். அந்த வருஷத்துச் சாக்கு கோர்மக்.

அவன் அயர்லாந்துக்காரன். ஐம்பத்தோரு வயது, கல்யாணம் ஆகவில்லை. தெருப்பனியை வாரித் தள்ளும் இயந்திரம் செய்கிற ஒரு கம்பெனியில் ஒன்பது வருஷமாக வேலை. அந்த இயந்திரங்களை வெளிநாட்டில் வாங்குகிறவர்களுக்காக, எந்தப் பொத்தானை அழுத்தினால் எது சுழலும், எதற்குள் கையை விடக் கூடாது என்று இங்கிலீஷில் எழுதித் தருவான். மற்றவர்கள் எதற்குள் கையை விடக் கூடாது என்று தெரிந்தவனுக்குத் தன் வாயை எப்போது திறக்க வேண்டும் என்று மட்டும் கடைசிவரை தெரியவில்லை.

அக்டோபரில் அவன் அம்மா பக்கவாதம் வந்து படுத்துவிட்டாள். அக்கா நுவாலா போனில் அழுதாள். "நான் ஒருத்தியே எத்தனை நாள்டா பாக்குறது? நீ ஒரே ஆம்பளைப் பிள்ளை. வந்து சேரு." அவன் மறுநாளே பிரிவுத் தலைவர் இகராஷியிடம் போய், ஜனவரியோடு வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டான். இகராஷியைப் பதவிப் பெயரால் 'கச்சோ' என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். கச்சோ பல்லுக்கிடையில் காற்றை இழுத்து, "அம்மான்னா போய்த்தானே ஆகணும்" என்றார். அத்தோடு விஷயம் குதோவின் கைக்குப் போய்விட்டது.

குதோ கணக்குப் பிரிவில் இருக்கிற முப்பத்தைந்து வயதுப் பெண். கம்பெனியில் விருந்து, உல்லாசப் பயணம் எது நடந்தாலும் ஏற்பாடு அவளுடையது. ஏற்பாட்டாளர் பொறுப்பு வந்துவிட்டால் அந்த ஊரில் பெற்ற தகப்பனிடம்கூட வேனில் இந்த இருக்கையில்தான் உட்கார வேண்டும் என்பார்கள். சுவரிலிருந்த வெள்ளைப் பலகையில் அவள் எழுதிவிட்டாள்: வருஷக் கடைசி விருந்து, உறைந்த ஏரியில் மீன்பிடிப்பு, ஜனவரி நடுவில் வெந்நீர் ஊற்று விடுதியில் ஒரு ராத்திரி தங்கல்.

"எதுக்குங்க குதோ-சான் இவ்வளவு? ஒரு வேளைச் சாப்பாடு போதுமே" என்றான் கோர்மக்.

"போறதுதான் நீங்க, கோமாக்கு-சான். அனுப்புறது நாங்க. அனுப்புறவங்க இஷ்டப்படிதான் நடக்கும். நீங்க சும்மா வந்து நில்லுங்க" என்றாள். 'சான்' மரியாதைக்கு ஒட்டுவது; அவன் பெயர்தான் ஒன்பது வருஷத்தில் ஒருவருக்கும் வாயில் நுழையவில்லை. அவனுக்கு இப்போது கோமாக்கு என்றால்தான் திரும்பிப் பார்க்கத் தோன்றும்.

டிசம்பர் முதல் வாரத்தில் அம்மா இறந்துபோனாள்.

அயர்லாந்தில் பிணத்தை அதிக நாள் வைத்திருக்க மாட்டார்கள். இரண்டாம் நாள் மாதா கோயில், அங்கிருந்து நேரே மயானம். விமானத்தில் இறங்கினால் உடை மாற்றக்கூட நேரம் இருக்காது என்று கணக்குப் போட்டு, கறுப்பு சூட்டும் கறுப்பு டையும் வீட்டிலேயே கட்டிக்கொண்டு காலையில் ரயில் நிலையத்துக்குப் போனான். ராத்திரி பெய்த பனியில் கணவாய் அடைத்துவிட்டது. தோக்கியோ ரயில் வராது என்றார்கள். மதியம் பார்க்கலாம் என்றார்கள். மதியம், சாயங்காலம் பார்க்கலாம் என்றார்கள். காத்திருக்கும் அறையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே அவன் கொஞ்சம் கண்ணயர்ந்தான். விழித்தபோது பக்கத்து இருக்கையில் தேநீர் அடைத்த சூடான தகர டப்பா ஒன்று இருந்தது. யாரோ மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தான். இருந்தாலும் எடுத்து இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டான். அது ஆறிப்போகும்வரை வைத்திருந்து, திறக்காமலே திரும்ப இருக்கையில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தான்.

மறுநாள் சாயங்காலம் கோயிலில் நடந்ததை நுவாலாவின் மகன் போனில் காட்டினான். பெட்டி, பூ, பாதிரியாரின் பிடரி, யாரோ ஒருவரின் இருமல். கோர்மக் தன் அறையில் அதே கறுப்பு சூட்டோடு மண்டியிட்டிருந்தான். உலகத்துப் பனியையெல்லாம் தள்ளுகிற இயந்திரம் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு, பனியால் தாயின் முகத்தைப் பார்க்காமல் போனவன் அவன் ஒருவனாகத்தான் இருப்பான். அந்த வெட்கம் அவனைத் தின்றது. துக்கத்தைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது என்று சொல்ல வேண்டும்.

இரண்டு நாள் கழித்து ரயில் ஓடத் தொடங்கியது. நுவாலா சொன்னாள்: "இனிமே வந்து என்னடா செய்யப்போற? அதான் ஜனவரி முடிஞ்சு வர்றியே. வீட்டை விக்கணும்டா, மருத்துவச் செலவு தலைக்கு மேல நிக்குது. நீ வந்தா கொஞ்ச நாள் எங்க மாடியில தங்கிக்கோ. பிள்ளைங்க படிக்கிற ரூம்தான், சமாளிச்சுக்கலாம்."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஊரில் அம்மா இல்லை. அம்மா வீடும் இருக்கப்போவதில்லை. அவன் யாருக்காகப் போகிறான்? அங்கே பிள்ளைகள் படிக்கிற அறையில் ஒரு கட்டில். இங்கே ஒன்பது வருஷத்துக் கம்பெனி வீடு, வியாழக்கிழமை பொதுக் குளியலறையில் அவனுக்கென்று ஒதுங்கி இடம் கொடுக்கும் கிழவர்கள், பொதிகட்டும் பிரிவு ஒனோதெரா அம்மாள் வருஷா வருஷம் டப்பாவில் போட்டுத் தரும் சிவப்பு டர்னிப் ஊறுகாய், விடியுமுன் தெருவைச் சுரண்டிக்கொண்டு போகும் பனிவண்டியின் சத்தம். அவனுக்குப் போக இஷ்டமில்லை. இங்கேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

குளியலறைக் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பழகினான். "அம்மா இறந்துட்டாங்க. இனி நான் போக வேண்டிய அவசியம் இல்லை. என்னை இங்கேயே வெச்சுக்கோங்க." முதல் இரண்டு வாக்கியமும் வந்துவிட்டன. மூன்றாவது தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது.

திங்கட்கிழமை கம்பெனிக்குப் போனான். அன்றைக்கென்று எல்லாரும் தணிந்த குரலில் பேசினார்கள். வெள்ளைப் பலகையில் விடுதிப் பயணத்தின் தேதியை அழித்துவிட்டு ஜனவரிக் கடைசி வார இறுதிக்கு மாற்றி எழுதியிருந்தது.

"ஏன் தள்ளிப்போச்சு?" என்றான்.

"விடுதியில குழாய் உறைஞ்சு வெடிச்சிருச்சாம்" என்றாள் குதோ, அவன் முகத்தைப் பார்க்காமல். "அப்புறம், வெள்ளிக்கிழமை வருஷக் கடைசி விருந்து. உங்களுக்கு வரணும்னு தோணினா மட்டும் வாங்க. கட்டாயம் எதுவும் இல்லை."

கட்டாயம் இல்லையா? போன வருஷம் காய்ச்சல் என்று சொன்னவனை வீட்டுக்கு வந்து இழுத்துக்கொண்டு போனவள் அவள். கோர்மக்குக்குச் சுருக்கென்றது. விருந்துக்குப் போய்விட்டு, முடிகிற நேரத்தில் கச்சோவைத் தனியே பிடித்துச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான்.

விருந்தில் எல்லாருக்கும் பீர் ஊற்றியாயிற்று. வழக்கமாக அந்த நேரத்தில் கூரை பிய்ந்துகொள்ளும் சத்தம் எழும்பும். கோப்பைகளை முட்டுகிற முட்டில் ஒரு தடவை ஒன்று உடைந்தே போயிருக்கிறது. அன்றைக்குக் கச்சோ எழுந்தார். கோப்பையைக் கண் உயரத்துக்கு எடுத்தார், ஒரு கணம் தலையைத் தாழ்த்தினார், "சரி, குடிப்போம்" என்று வாய்க்குள்ளேயே சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். எல்லாரும் ஓசையில்லாமல் ஒரு மிடறு குடித்தார்கள். பழக்கதோஷத்தில் கோர்மக் தன் கோப்பையைக் குதோவின் பக்கம் நீட்டினான். அவள் தன்னுடையதைச் சட்டென்று மடிக்கு இறக்கிக்கொண்டாள். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது.

அதோடு சாப்பாடு. பாட்டு இல்லை, கூத்து இல்லை. குடிக்க இன்னொரு கடைக்குப் போகலாம் வா என்று யாரும் தோளைப் பிடித்து இழுக்கவில்லை. கச்சோ வாசலில் நின்று அவனுக்கு வழக்கத்தைவிட ஆழமாகக் குனிந்து வணங்கிவிட்டுப் போனார். 'போகிறவன்தானே, இனி இவனோடு என்ன கொண்டாட்டம்' என்று அவர்கள் தன்னை மனத்திலிருந்து கழித்துவிட்டதாக அவன் நினைத்துக்கொண்டான். அப்படி நினைத்துவிட்ட பிறகு அவர்களிடம் போய், என்னை வைத்துக்கொள்ளுங்கள் என்று எப்படிக் கேட்பது?

புத்தாண்டு வந்தது. ஜனவரி முதல் தேதி காலையில் தபால்காரர் வாழ்த்து அட்டைகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போடுவார். ஒவ்வொரு வருஷமும் கோர்மக்கின் பெட்டியிலும் ஒரு கட்டு விழும். இந்த வருஷம் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினான். பீட்சாக் கடை விளம்பரம் ஒன்றுதான் வந்தது. ஒனோதெரா அம்மாள்கூட அனுப்பவில்லை. அவன் படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதான். அம்மாவுக்காக வராமல் நின்றிருந்த அழுகை ஒரு வாழ்த்து அட்டைக்காக வந்தது.

விடுமுறை முடிந்து முதல் நாள். கச்சோ தானே இரண்டு கோப்பைத் தேநீரைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் மேஜைக்கு வந்தார். ஒன்பது வருஷத்தில் நடக்காத அதிசயம் அது. ஒன்றை அவன் முன்னால் வைத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்தபடி நின்றார்.

"கோமாக்கு-சான். நீங்க ஊருக்குப் போற ஏற்பாட்டுல... ஏதாவது மாறுதல் உண்டா?"

 கோர்மக்குக்கு மூன்று வாக்கியமும் நாக்கு நுனியில் வந்து நின்றன. அதே நேரம் காலியாகக் கிடந்த தபால்பெட்டியும் மடிக்கு இறங்கிய கோப்பையும் நினைவுக்கு வந்தன. வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொடுத்துவிட்டுப் போகிறாயா என்றுதான் இவர் நாசூக்காகக் கேட்கிறார் என்று தோன்றியது.

"இல்லைங்க கச்சோ. எல்லாம் சொன்னபடிதான்."

"அப்படியா" என்றார் கச்சோ. கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "அப்படியா" என்றார். தேநீரைக் குடிக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இவனோ பாலைச் சங்கில் ஊற்றி வாயருகே கொண்டுவந்தபோது பல்லைக் கடித்துக்கொண்ட பிள்ளை. இவனை என்ன செய்வது?

அடுத்த வாரம் ஏரிப் பயணம். வேனில் ஏழெட்டுப் பேர். வழியில் ஒரு குன்றின் அடியில் வண்டி நின்றது. மேலே கோயில். வருஷம் பிறந்ததும் முதல் வெளியூர்ப் பயணத்தில் அங்கே போய்க் கைதட்டிக் கும்பிட்டுவிட்டுத்தான் ஏரிக்குப் போவது அவர்கள் வழக்கம். கோர்மக்கும் பூட்ஸின் நாடாவை இறுக்கினான்.

குதோ கதவருகே நின்றாள். "நீங்க வண்டியிலேயே இருங்க, கோமாக்கு-சான்."

"ஏன்? வருஷா வருஷம் வர்றவன்தானே."

"இந்த வருஷம் வேணாம். படியெல்லாம் வழுக்குது."

"எனக்கு மட்டுமா வழுக்கும்?"

அவள் ஒரு கம்பளியை எடுத்து அவன் முழங்காலில் போர்த்திவிட்டு இறங்கிப்போனாள். அறுபது தாண்டிய ஒனோதெரா அம்மாள் பக்கவாட்டில் நண்டு மாதிரி ஒவ்வொரு படியாக ஏறிப்போவதை அவன் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கிழவிக்கு வழுக்காத படி தனக்கு மட்டும் வழுக்குமா என்று வயிறு எரிந்தது. சாமிகூட உள்ளூர்க்காரர்களுக்குத்தான் போலிருக்கிறது என்று இங்கிலீஷில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். கேட்க ஆளில்லை.

ஏரியில் ஐஸைத் துளைபோட்டு, மேலே கூடாரம் அடித்து, மண்ணெண்ணெய் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து விரல் நீள மீன்களைத் தூண்டில் போட்டு இழுத்தார்கள். கூடாரத்தில் அவனும் குதோவும் மட்டும் இருந்த ஒரு சமயம், கோபத்திலேயே ஒரு தைரியம் பிறந்தது.

"குதோ-சான். எங்கம்மா..." என்று தொடங்கினான்.

அவள் தூண்டில் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி காத்திருந்தாள். அந்த உட்காரலைப் பார்த்ததும் இவனுக்கு மிச்சம் உள்ளே போய்விட்டது.

"எங்கம்மாவுக்கு மீன்னா உசிரு" என்றான்.

"அப்படியா" என்றாள் அவள் மெதுவாக. அடுப்பில் பொரித்தெடுத்த மீன்களில் முதலில் வந்த இரண்டைக் காகிதத் தட்டில் வைத்து அவனிடம் தந்தாள். "ஒண்ணு உங்களுக்கு. ஒண்ணு அம்மாவுக்கு." அவள் குரல் கரகரத்திருந்தது. மண்ணெண்ணெய்ப் புகையாக இருக்கும் என்று அவன் நினைத்தான்.

மாத நடுவில் அவன் தபால்பெட்டியில் திடீரென்று ஒரு கட்டு அட்டைகள் வந்து விழுந்தன. புத்தாண்டு வாழ்த்து இல்லை. குளிர் கடுமையாக இருக்கிறது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மங்கிய நிறத்தில் இரண்டே வரி. மனசு உறுத்தித் தாமதமாக அனுப்புகிறார்கள் போலும் என்று அலமாரிக்குள் போட்டு மூடினான். வீட்டுச் சாமான்களைக் கட்டத் தொடங்கியிருந்தான். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன?

ஜனவரிக் கடைசியில் விடுதிக்குப் போனார்கள். இருபுறமும் வேனைவிட உயரமாகப் பனிச்சுவர். போய்ச் சேர்ந்ததும் எல்லாரும் குளிக்கப் போனார்கள். ஆண்கள் பக்கத்துத் திறந்தவெளித் தொட்டியில் மற்றவர்கள் சீக்கிரம் எழுந்துபோய்விட, கச்சோவும் கோர்மக்கும் மிஞ்சினார்கள். கழுத்துவரை வெந்நீர், மடித்த துவாலை தலைமேல், அதன்மேல் பொடிப்பொடியாக விழும் பனி. வெட்கப்பட இனி ஒன்றும் பாக்கியில்லாத இடம் அது.

"கச்சோ, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க. அதுக்காகத்தான் நானும் உக்காந்திருக்கேன்."

"எங்கம்மா போயிட்டாங்க. டிசம்பர்லயே."

"தெரியும்" என்றார் கச்சோ.

கோர்மக் திரும்பிப் பார்த்தான். அவர் நீராவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒனோதெரா-சான் அன்னிக்குத் தன் மகளைக் கூப்பிட ஸ்டேஷனுக்கு வந்திருக்காங்க. நீங்க கறுப்பு சூட்டும் கறுப்பு டையுமா உக்காந்திருந்தீங்களாம். அதை வேற எதுக்குக் கட்டுவாங்க? பக்கத்துல வந்து நின்னிருக்காங்க, நீங்க தூங்கிட்டிருந்தீங்க. எழுப்ப மனசு வரலை, டீ வாங்கி வெச்சுட்டு வந்தேன்னு சொன்னாங்க."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"எல்லாருக்கும். நீங்க சொல்லலை. சொல்ல இஷ்டமில்லைன்னு எடுத்துக்கிட்டோம். துக்க வீட்டுக்காரரோட கோப்பை முட்டக் கூடாது, அதனால முட்டலை. வாழ்த்து அட்டை போடக் கூடாது, அதுக்குப் பதிலா நாள் கழிச்சுக் குளிர் விசாரிக்கிற அட்டைதான் போட்டோம். கோயில் வாசல் மிதிக்கக் கூடாது, குதோ-சான் உங்களை வண்டியில உக்காத்தி வெச்சுட்டு வந்து எங்ககிட்ட அழுதாங்க. நாப்பத்தொன்பது நாள் முடிஞ்சாத்தான் உங்களுக்கு விருந்து வெக்கலாம்னு இந்தப் பயணத்தையே தள்ளிப்போட்டோம். முந்தாநாளோட முடிஞ்சுது." தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளிக் காட்டினார். "குழாயெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

நாற்பத்தொன்பது நாள் வழக்கத்தைக் கோர்மக் கேள்விப்படாதவன் இல்லை. அட்டை போடக் கூடாது, கோயிலுக்குப் போகக் கூடாது எல்லாம் எங்கோ காதில் விழுந்ததுதான். அந்த ஒன்பது வருஷத்தில் அவனுக்கென்று அங்கே யாரும் சாகவில்லை. ஆகவே எதையும் எதோடும் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை. தன்னை ஒதுக்குகிறார்கள் என்று அவன் பல்லைக் கடித்த ஒவ்வொரு இடத்திலும் அவர்கள் தன் அம்மாவுக்கு மரியாதை செய்துகொண்டிருந்திருக்கிறார்கள். அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.  மூன்றாவது வாக்கியம் தானாக வெளியே வந்துவிட்டது.

"எனக்குப் போக இஷ்டமில்லை கச்சோ. அங்கே எனக்கு யாரும் இல்லை. என்னை இங்கேயே வெச்சுக்கோங்க."

 கச்சோ தலையிலிருந்த துவாலையை எடுத்துப் பிழிந்தார். பிழிந்ததையே மறுபடி பிழிந்தார்.

"அதைத்தானே அன்னிக்கு டீ எடுத்துட்டு வந்து கேட்டேன்" என்றார். "அம்மா தவறின பிறகு போவீங்களா மாட்டீங்களான்னு எங்களுக்கும் புரியலை. நேரா எப்படிக் கேக்குறது? உங்க இடத்துக்குப் பாத்து வெச்ச புது ஆளுக்கு அந்த வாரம் பதில் சொல்லியாகணும். முடிஞ்ச மட்டும் இழுத்துப் பாத்தேன். எல்லாம் சொன்னபடிதான்னு நீங்க சொல்லிட்டீங்க."

"அவர் எப்போ வர்றார்?"

"வந்தாச்சு. சென்தாயில வீட்டைக் காலி பண்ணிட்டு, ரெண்டு சின்னப் பிள்ளைங்களுக்கும் பள்ளிக்கூடம் மாத்தி... நீங்க கம்பெனி வீட்டைக் காலி பண்றவரைக்கும் மச்சினர் வீட்டுல இருக்காங்க."

 இனிக் கோர்மக் சொல்ல என்ன இருக்கிறது? அந்த இரண்டு பிள்ளைகளையும் திருப்பி அனுப்பு என்றா?

"தெரிஞ்ச இடத்துல சொல்லி வைக்கிறேன்" என்றார் கச்சோ. நம் ஊரில் 'பார்க்கலாம்' என்று சொன்னால் என்ன பொருளோ அதுதான் அதற்கும். இரண்டு பேருக்கும் அது தெரியும். "மன்னிச்சிடுங்க, கோமாக்கு-சான்" என்று அவர் மோவாய் தண்ணீரில் படும்வரை குனிந்தார். "நீங்கதான் மன்னிக்கணும், கச்சோ" என்று இவனும் குனிந்தான். துணியில்லாத இரண்டு ஆண்கள் வெந்நீருக்குள் ஒருவரையொருவர் மாறி மாறிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தோய்ந்துபோன முகத்தில் எது வியர்வை, எது மற்றது என்று யாருக்கும் தெரியாது. அந்த ஒரு வசதி மட்டும் அங்கே இருந்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாரும் விடுதியின் பருத்தி அங்கியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். குதோ பீர் பாட்டிலோடு எழுந்து நின்றாள். ஒன்றரை மாதமாக அடக்கிவைத்திருந்த குரல் அவளுக்குத் திரும்பியிருந்தது.

"இன்னிக்கு முட்டலாம், கோமாக்கு-சான். ரெண்டு மாசத்துக்கும் சேத்து முட்டலாம்."

முட்டினார்கள். ஒவ்வொருவராக எழுந்து வந்து அவன் கோப்பையில் தங்கள் கோப்பையை மோதினார்கள். கண்ணாடிச் சத்தம் கூடம் முழுக்க எழுந்தது. யாரோ பாடத் தொடங்கினார்கள். அத்தனை முகத்திலும் ஒரு நிம்மதி. செய்ய வேண்டியதை முறைப்படி செய்துவிட்டு, இனிச் சிரிக்கலாம் என்று காத்திருந்தவர்களின் நிம்மதி அது. அதில் மண்ணைப் போட யாருக்கு மனம் வரும்?

ஒனோதெரா அம்மாள் ஊறுகாய் டப்பா ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். "விமானத்துல கசியாது. மூணு சுத்து சுத்தியிருக்கேன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அன்னிக்கு ஸ்டேஷன்ல... டீ குடிச்சீங்களா?"

"குடிச்சேன்மா."

"சூடா இருந்துச்சா?"

"நல்லா சூடா இருந்துச்சு."

அவள் அப்பாடா என்று குதிகாலில் உட்கார்ந்தாள். குதோ அவன் கோப்பையை மறுபடி நிரப்பினாள். "ஏர்போர்ட்டுல கூப்பிட யாரு வருவாங்க?"

பஸ் பிடித்து வந்துவிடு, அன்றைக்கு எனக்கு வேலை நாள் என்று நுவாலா சொல்லியிருந்தாள். கச்சோ தன் தட்டிலிருந்த மீனின் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"அக்கா வருவா. வீட்டுல எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க" என்றான் கோர்மக்.

"அப்பாடி. இப்பதான் மனசுக்கு நிம்மதி" என்று குதோ அவன் கோப்பையில் இன்னொரு தடவை முட்டினாள். அவன் சிரித்துக்கொண்டே குடித்தான். திங்கட்கிழமை வேனில் ஸ்டேஷன்வரை கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார்கள். கணவாய் திறந்திருக்கிறது, ரயில் நேரத்துக்கு ஓடும் என்றார் கச்சோ.